பெறுநர் பெயரில்லாத பெட்டிசம்

லண்டனில் இருந்து சூரிச்சுக்கு நான் கொண்டுபோன பெட்டியில் இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு பக்கற் மிளகாய்த்தூள், இரண்டு பக்கற் தேயிலை, நான்கு பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு பெட்டிசம் ஆகியவை இருந்தன. பெட்டிசத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் தம்பி யோகனின் பெயர், வயது, ஊரில் எங்கள் வீடு எரிந்த விதம், அவன் சுவிசுக்கு வந்து சேர்ந்த விதம், திருப்பி அனுப்பினால் அவனுக்கு நேரக்கூடியது எல்லாவற்றையும் பத்தி பத்தியாக எண் போட்டு எழுதியிருந்தேன். ஒரே ஒரு குறை. உச்சியில் 'பெறுநர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. யாருக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டிசம் என்பது மேலிடத்துக்கு எழுதும் மனு. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். கெஞ்சி எழுதினாலும் பெட்டிசம்தான், பக்கத்து வீட்டுக்காரனை மாட்டிவிட எழுதினாலும் பெட்டிசம்தான். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் பத்தொன்பது வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்கச் செயலகம். அங்கே எனக்குச் சம்பளம் வேறு வேலைக்கு, பெயர் மட்டும் பெட்டிசத்துக்கு. என் கையால் எழுதினால் பலிக்கும் என்று சனம் நம்பியது. நானும் கொஞ்சம் நம்பினேன்.

நாட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பாராளுமன்ற விவாதம் படித்து நான் அறிந்துகொண்டதில்லை. பெட்டிசத்தின் உச்சியில் யார் பெயரைப் போடுகிறோம் என்பதை வைத்துத்தான் அறிந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கிலாந்து மகாராணிதான் எங்களுக்கும் ராணி. ராணிக்கு எழுதினால் ராணி வாசிக்கமாட்டா என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராணியின் பெயரைக் கண்டால் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் கொஞ்சம் வேகமாக நடப்பார். பிறகு குடியரசு வந்தது. ராணியை வெட்டிவிட்டுப் பிரதமரைப் போட்டோம். அது பழகி வருவதற்குள் இன்னொரு அரசியலமைப்பு வந்து, பிரதமரையும் வெட்டிவிட்டு ஜனாதிபதியைப் போட வைத்தது. பாராளுமன்றம் தன் பாட்டுக்கு இருந்தது. ஒன்றும் செய்யாத ராணியை அனுப்பிவிட்டு எல்லாம் செய்யும் ராசாவைக் கூட்டிவந்திருக்கிறோம் என்று கச்சேரி மேசைகளுக்கிடையே மெல்லக் கதைத்தோம்.

எண்பதுகளின் நடுவில், நான் லண்டனில் குடியேறிய பிறகு, ஒரு நவம்பரில் யோகனிடமிருந்து கடிதம் வந்தது. அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள், மேன்முறையீட்டையும் தள்ளிவிட்டார்கள், டிசம்பர் முடிவதற்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான்: "கோனிக் மனம் வைச்சால் ஏதும் நடக்கும் எண்டு முதலாளி மனிசி சொல்லுறா." நான் எங்கள் வட்டார நூலகத்துக்குப் போய் ஜெர்மன் அகராதியைப் புரட்டினேன். கோனிக் என்றால் அரசன். பக்கத்தில் இருந்த கலைக்களஞ்சியத்தை எடுத்தேன். சுவிற்சர்லாந்தில் அரசன் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டு புத்தகமும் ஒரே தட்டில்தான் இருந்தன. அங்கே போனால் தெரியும் என்று பெறுநரின் இடத்தை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் சூரிச்சில் இறங்கி, யோகன் சொன்னபடி லாங்ஸ்ட்ராஸ என்ற வீதிப் பக்கம் டிராமில் போனேன். டிராம் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் நின்றது. கதவு தானாகத் திறக்கும் என்று நான் காத்து நிற்க, அது என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. பொத்தானை அமத்தவேண்டுமாம். அடுத்த டிராமில் அமத்தி ஏறினேன். தவம் என்பவரின் கடையில் முருங்கைக்காய், வல்லாரை, தமிழ்ப் பட வீடியோ கசெற் எல்லாம் இருந்தன. தவம் காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்துவிட்டுப் பின்னேரம் கடை திறப்பவர். அன்றிரவு எனக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான். தேத்தண்ணி வந்ததும் நான் விசயத்துக்கு வந்தேன்.

"இந்த நாட்டுக்குத் தலைவர் ஆர்?"

"தலைவரோ? ஏழு பேர் அண்ணை."

"ஏழு பேரும் தலைவரோ?"

"ஓம். அதில ஒராள் கொஞ்சம் கூடத் தலைவர். வருசத்துக்கு வருசம் மாறும்."

"இந்த வருசம் ஆர்?"

தவம் கசெற் தெரிவு செய்துகொண்டு நின்றவரைப் பார்த்தார். அவர் யோசித்துவிட்டு, "கண்ணாடி போட்டவர்" என்றார். "கண்ணாடி போட்டவர் போன வருசம் எல்லோ" என்றார் தவம். "இந்த வருசமும் கண்ணாடிதான்" என்றார் அவர். இரண்டு பேரும் அதில் கொஞ்ச நேரம் மினக்கெட்டார்கள்.

"அப்ப உண்மையா ஆளுறது ஆர்?" என்று நான் மறித்தேன்.

"சனம்தான். மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா வோட்டுப் போடுவினம். ரோட்டுக்கும் போடுவினம், எங்களைப் பற்றியும் போடுவினம்."

"சனத்துக்கு எப்பிடிப் பெட்டிசம் எழுதுறது?"

"அதுதானே பிரச்சினை" என்று தவம் கசெற்றுக்கு உறை போட்டார்.

வியாழன் காலை, யோகனின் கிராமத்துக்குப் போகும் வழியில் உள்ள லாங்கன்தாலுக்கு ரயில். எதிரே ஒரு நடுத்தர வயதுப் பெண் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் பேசினார். உங்கள் ஜனாதிபதியின் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் பின்னலை நிறுத்தி, விரல் மடித்து எண்ணினார். ஏழில் ஐந்து பேர்தான் வந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் பத்திரிகையை இறக்கிவிட்டு ஒரு பெயர் சொன்னார். "இல்லை, அது போன வருடம்" என்றார் அந்த அம்மா. "போன வருடம் இவர் சுகாதார அமைச்சர்" என்றார் அவர். எங்கள் ஊரில் ஜனாதிபதியின் பெயர் தெரியாதென்று ரயிலில் ஒருவர் உரக்கச் சொன்னால் அடுத்த நிலையத்தில் பொலிசுக்கு வேலை இருக்கும். இவர்களோ சிரித்தார்கள். கடைசியில் மூன்றாவது ஒருவர் தன் நாட்குறிப்பைப் பார்த்துத் தீர்த்துவைத்தார். "ஆனால் முப்பத்தொன்றாம் தேதி வரைதான்" என்று அந்த அம்மா எனக்காகக் கவலைப்பட்டார். "பிறகு அவரும் மற்றவர்களைப் போலத்தான்."

எனக்கு அது போதும். லாங்கன்தால் நிலையத்தில் இறங்கியதும் தபாலகத்துக்குப் போனேன். பெட்டிசத்தின் உச்சியில் ஜனாதிபதியின் பெயரை எழுதினேன். பெட்டிசத்துக்கு உயிர் அதன் அடியில் இருக்கும் 'பிரதி' என்ற பட்டியல்தான் என்பது எங்கள் கச்சேரித் தொழில் ரகசியம். இன்னாருக்கும் போயிருக்கிறது என்று கண்டால்தான் இன்னார் அசைவார். தலைநகர் பேர்ணில் இருக்கும் அந்த ஏழில் மற்ற ஆறு அமைச்சர்களுக்கும், மாநிலம் போன்ற கன்டோன் அரசாங்கத்துக்கும் பிரதி போட்டேன். எட்டாவதாக, யார் என்னவென்று தெரியாமலே, 'திரு. கோனிக்' என்று யோகனின் கிராமத்தின் பெயரோடு எழுதினேன். அரசனாக இருந்தால் கடைசியில் போட்டதற்குக் கோபிப்பானோ என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு அங்கிருந்த இயந்திரத்தில் நகலெடுத்து, முத்திரை ஒட்டித் தபால்பெட்டிக்குள் போட்டேன். யோகனைக் கேட்கவில்லை. அண்ணன் வந்து இறங்குமுன்பே காரியம் பார்த்துவிட்டான் என்று அவன் மலைத்து நிற்கவேண்டும் என்பது என் ஆசை.

அங்கிருந்து கிராமத்துக்குச் சிறிய ரயில். யோகன் நிலையத்தில் நிற்பான். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நிலையம் வந்தால் ரயில் நிற்கும் என்ற இலங்கை நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தேன். ரயில் மெதுவாகியது. பலகையில் கிராமத்தின் பெயர் தெரிந்தது. பலகைக்குக் கீழே யோகன் கை காட்டியதும் தெரிந்தது. ரயில் அவனைத் தாண்டிப் போய்விட்டது. இங்கே இறங்கவேண்டும் என்று நடத்துநரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டுமாம், சொன்னால்தான் நிற்குமாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பனிச் சேற்றில் இரண்டு கிலோமீற்றர் திரும்பி நடந்தேன். பாதி வழியில் யோகன் ஓடி வந்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு அவனைக் காண்கிறேன். தலைமுடி முன்னால் கொட்டியிருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நான் பின்னால் போனேன்.

அவன் வேலை செய்வது அந்தக் கிராமத்தின் ஒரே உணவகத்தின் சமையலறையில். அதன் உரிமையாளர் லூத்தி அம்மா. அங்கே யாரும் அம்மா போட்டுக் கூப்பிடுவதில்லை, ஆனால் வெறும் பெயரை எழுத என் கை ஒப்பவில்லை. ஐம்பத்தைந்து வயது, ஆண்பிள்ளைக் குரல். எனக்கு றோஸ்ட்டி கொடுத்தார். அவித்த உருளைக்கிழங்கைத் துருவி, கொழுப்பில் பரப்பி, தோசைபோல் திருப்பிப் போட்டு எடுப்பது. யோகன் எனக்கு மட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து சேர்த்திருந்தான். லூத்தி அம்மா சொன்னதை அவன் வெட்கத்தோடு மொழிபெயர்த்தான்: "நான் சூப்புக்குக் கள்ளமா மிளகாய்த்தூள் போடுறது தனக்குத் தெரியுமாம். அதுக்குப் பிறகு பியர் கூட விக்குதாம், அதால பேசாமல் இருக்கிறாவாம்."

சுவரில் ஒரு படம் இருந்தது. மாலை சூடிய, தூண்போல் ஒரு ஆள், பக்கத்தில் ஒரு காளைமாடு.

"இது ஆர்?"

"கோனிக்" என்றான் யோகன்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "இவருக்கோ எழுதினது?"

"எழுதினதோ? இது வேற கோனிக், அண்ணை. மூண்டு வருசத்துக்கு ஒருக்கா மல்யுத்தம் வைப்பினம். வெல்லுறவர் ராசா."

"அவருக்கு என்ன அதிகாரம்?"

"அந்த மாட்டைக் குடுப்பினம்."

"எங்கட கோனிக் ஆர்?"

"கெமைண்டயின்ர தலைவர்." கெமைண்ட என்றால் கிராமசபை என்று விளக்கினான். "ட்ராக்டர் திருத்துற மனிசன். குடும்பப் பேர்தான் கோனிக். அதில ராசா ஒண்டும் இல்லை."

நான் மெல்ல உட்கார்ந்து, தபாலகத்தில் செய்துவிட்டு வந்ததைச் சொன்னேன். யோகன் மலைத்துத்தான் நின்றான், ஆனால் நான் நினைத்த மலைப்பு அது இல்லை. "ஒன்பது பேருக்கோ? ஜனாதிபதிக்குமோ?" என்றான். பிறகு, நான் முகம் சுருங்குவதைப் பார்த்திருப்பான், "பரவாயில்லை அண்ணை, நல்லதுதான்" என்று எனக்கு இன்னும் கொஞ்சம் றோஸ்ட்டி வைத்தான்.

வெள்ளிக்கிழமை திரு. கோனிக்கின் பட்டறைக்குப் போனோம். கையில் தேயிலைப் பக்கற் கொண்டுபோனேன். ட்ராக்டருக்குக் கீழே இரண்டு சப்பாத்துக் கால்கள் தெரிந்தன. யோகன் கூப்பிட, அவை வெளியே வந்தன. பின்னால் நரைத்த மீசையோடு அவர் வந்தார். கோன் என்றாலும் அரசன், கோனிக் என்றாலும் அரசன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நான் கைகூப்பினேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுக் கைகொடுத்தார். மேசையில் என் பெட்டிசம் பிரித்தபடி கிடந்தது. நேற்று மத்தியானம் போட்ட தபால் இன்று காலை வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் என்றால் விளக்கம் சொல்ல ஒரு வாரமாவது கிடைத்திருக்கும்.

"எனக்கு ஆங்கிலம் போதாது. இது என்ன?" என்று கேட்டார்.

யோகன் சொல் தேடினான். பெட்டிசத்துக்கு ஜெர்மனில் என்ன? அவனுக்கு வந்த அரசாங்கக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல் அவனுக்கு மனப்பாடம். முப்பது நாளுக்குள் 'பெஷ்வேர்டெ' போடலாம். 'பெஷ்வேர்டெ' தள்ளுபடி. மேலிடத்தைக் கெஞ்சுவதற்குப் பெயர் அதுதான் என்று அவன் விளங்கி வைத்திருந்தான். ஆகவே முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இது ஒரு பெஷ்வேர்டெ" என்றான். "என்ர அண்ணை எழுதினவர். உங்களுக்கும் பேர்ணுக்கும்."

திரு. கோனிக் தாளைக் கையில் எடுத்து, அடியில் பட்டியலைப் பார்த்தார். எட்டாவதாகத் தன் பெயரில் விரல் வைத்தார். "என் கிராமத்தில் உனக்கு என்ன குறை நடந்தது?" என்று யோகனைக் கேட்டார். யோகனுக்குக் கேள்வி விளங்கவில்லை. குறை ஒன்றும் இல்லை, நல்ல கிராமம், அதனால்தான் பெஷ்வேர்டெ என்றான். அவர் மீசையைத் தடவினார். திங்கட்கிழமை சபையைக் கேட்டுவிட்டுத் தானே கன்டோனுக்கு எழுதுவதாக இருந்தாராம். இப்போது பேர்ணிலிருந்து விளக்கம் கேட்டு வருமாம், தன்மேல் குற்றம் சொன்ன ஆளுக்காகத் தானே பரிந்து எழுதுவது எப்படி என்று கேட்டார். தேயிலையைத் தொடவே இல்லை. சப்பாத்துக்கள் திரும்ப ட்ராக்டருக்குக் கீழே போய்விட்டன.

உணவகத்துக்கு வந்து சொன்னதும் லூத்தி அம்மா மேசையில் அடித்துச் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுபோய் நெற்றியைப் பிடித்தார். சட்டக் கடிதத்தில் பெஷ்வேர்டெ என்றால் மேன்முறையீடு. வீதியில், பட்டறையில், வாயால் சொன்னால் அது முறைப்பாடு. எங்கள் சொல்லின் இரண்டு முகத்தில் எதைக் காட்டக்கூடாதோ அதைக் காட்டிவிட்டோம். பத்தொன்பது வருடம் மற்றவர்களுக்கு எழுதி வெட்டி விழுத்தியவன், சொந்தத் தம்பிக்கு எழுதும்போது அவன் பிழைக்கும் வழியில் மண்ணைப் போட்டுவிட்டேன். டிசம்பர் முடிய இருபத்தைந்து நாள்தான் இருந்தது.

"நாளைக்குக் கிராமக் கூட்டம்" என்றார் லூத்தி அம்மா. "கோனிக்கை மடக்க அதுதான் இடம். அங்கே அவர் சொன்னதைக் கேட்க ஒருவருக்கும் கடமை இல்லை."

"அப்ப அவருக்கு என்ன அதிகாரம்?" என்று நான் நூறாவது தடவையாகக் கேட்டேன்.

"மணி அடிக்கும் அதிகாரம்" என்றார்.

சனி மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கூட்டம். மாடு கறக்கும் நேரத்துக்கு முன் முடியவேண்டும் என்பதால் அந்த நேரம். இந்தக் கூட்டம்தான் அந்த ஊரின் பாராளுமன்றம். உறுப்பினர்களைத் தெரிவு செய்து அனுப்புவதில்லை, ஊரே வந்து உட்கார்ந்துவிடுகிறது. வாக்குரிமை இல்லாதவர்களுக்குச் சுவரோரம் தனி நாற்காலி. யோகனும் நானும் அதில் இருந்தோம். மேடையில் திரு. கோனிக், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பக்கத்தில் குறிப்பெடுக்கும் எழுதுவினைஞர். அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது. லண்டனில் ராணி பாராளுமன்றத்துக்கு வந்து பிரதமர் எழுதிக்கொடுத்த உரையை 'என் அரசாங்கம்' என்று வாசிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இங்கே கோனிக் வாசித்ததை நடுவிலே மறித்து ஒருவர், தீயணைப்புப் பம்பி எதற்குப் புதிதாக, பழையதை உன் பட்டறையில் திருத்தமுடியாதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கோனிக்கும் சிரித்தார்.

பம்பிக்கு வாக்கெடுப்பு நடந்தது. அந்த நேரம் பார்த்து எனக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தது. நாங்கள் படித்த பள்ளிக்கூடங்களில் வெளியே போகக் கேட்பதற்குக் கையைத்தான் உயர்த்துவோம். இதுவும் பள்ளிக்கூடம்தானே என்று கையை உயர்த்தினேன். எண்ணிக்கொண்டு வந்த பெரிய உடம்புக்காரர் என்னையும் சேர்த்துவிட்டார். ஆதரவையும் எதிர்ப்பையும் கூட்டினால் வந்திருந்தவர்களைவிட ஒன்று அதிகமாக வந்தது. எழுதுவினைஞர் பேனாவை வைத்துவிட்டார். திரும்ப எண்ணினார்கள். யோகன் என் கையைப் பிடித்து இறக்கி மடியில் அமத்தி வைத்துக்கொண்டான். கண்டுபிடித்ததும் எண்ணுகிறவர் என்னை நோக்கி விரலை ஆட்டினார். "லண்டன் இங்கே வாக்களிக்க முடியாது" என்றாராம். மண்டபம் குலுங்கியது. எனக்குக் கழிப்பறையே மறந்துபோயிற்று.

கடைசியில் 'ஏனையவை' என்ற பகுதி வந்தது. லூத்தி அம்மா எழுந்தார். பேசியது முழுவதையும் யோகன் எனக்குச் சொல்லவில்லை, சொல்ல அவனால் முடியவில்லை. பிறகு தெரிந்துகொண்டது இது: "இந்த ஊரில் பெண்கள் கை உயர்த்தத் தொடங்கி இன்னும் இருபது வருடம் ஆகவில்லை. அதற்கு முன் நானும் அந்தச் சுவரோரம்தான். யோகன் என் சமையலறையில் மூன்று வருடமாக இருக்கிறார். அவரை வைத்திருக்க விரும்புகிறோம் என்று இந்தக் கூட்டம் கன்டோனுக்கு எழுதவேண்டும். அந்தத் தாளில் இருந்தது முறைப்பாடு இல்லை. அது எங்கள் மொழி அவருக்குச் செய்த பிழை."

தாடிக்காரர் ஒருவர் எழுந்து, யோகன் நல்ல ஆள், ஆனால் சட்டம் சட்டம், இன்று ஒருவர் என்றால் நாளை பத்துப் பேர் என்றார். சிலர் தலையாட்டினார்கள். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரு. கோனிக் மணிக்கூட்டைப் பார்த்தார். "இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. நிரலில் இல்லாததற்கு வாக்கெடுக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். பின்னாலிருந்து யாரோ, "பெயர் மட்டும் கோனிக்" என்றார். இந்த முறை அதிகம் பேர் சிரிக்கவில்லை. அவர் மணியை அடித்தார். கூட்டம் முடிந்தது என்றார். எழுதுவினைஞர் புத்தகத்தை மூடினார். யோகன் எழுந்து தன் தொப்பியை எடுத்தான். "போவம் அண்ணை, சூப்பு அடுப்பில" என்றான். அவன் குரலில் ஒன்றுமே இல்லை. நான் எழுந்திருக்கவில்லை.

சரித்திரப் புத்தகத்தில் அரசர்கள் பாராளுமன்றத்தைக் கலைத்தது அதன் வாயை மூடத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். திரு. கோனிக் மேடையிலிருந்து இறங்கினார். கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தார். வாசலுக்குப் போகவில்லை. எங்கள் சுவரோர நாற்காலிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, வெளியே புறப்பட்ட சனத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"கூட்டம் முடிந்துவிட்டது. இப்போது நான் ட்ராக்டர் திருத்துகிறவன். நிகழ்ச்சி நிரலும் இல்லை, தலைவரும் இல்லை. லூத்தி, நீ கேட்டதைத் திரும்பக் கேள்."

சனம் நின்றது. சிலர் பாதி போட்ட கோட்டோடு நின்றார்கள். லூத்தி அம்மா ஒரே வசனத்தில் கேட்டார். முதலில் உயர்ந்தது எண்ணெய்க் கறை போகாத கை. பிறகு இங்கே ஒன்று, அங்கே ஒன்றாகக் கைகள் உயர்ந்தன. தாடிக்காரர் உயர்த்தவில்லை, மாடு காத்திருக்கிறது என்று வெளியே போனார். போகும்போது யோகனுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். யாரும் கேட்காமலே அந்தப் பெரிய உடம்புக்காரர் எண்ணத் தொடங்கினார். வரிசை வரிசையாக வந்து எங்கள் முன்னால் நின்றார். என்னைப் பார்த்தார். "லண்டன், இப்போது உயர்த்தலாம்" என்றார். அதை எனக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. நான் உயர்த்தினேன். நாற்பத்துமூன்று என்று என்னோடு முடித்தார்.

யோகன் கை தொப்பியிலேயே இருந்தது. "நீயும் தூக்கு" என்றேன்.

"என்ர விசயத்துக்கு நானே தூக்கலாமோ, அண்ணை?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

எழுதுவினைஞர் மூடிய புத்தகத்தைத் திறக்கவில்லை, வேறு தாள் எடுத்தார். கடிதத்தை அங்கேயே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். எட்டு வரிகூட வராது. முடிவில் 'நட்பான வாழ்த்துகளுடன்' என்று போட்டார். அரசாங்கத்துக்கு எழுதும்போது 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்றல்லவா முடிக்கவேண்டும் என்று யோகன் மூலம் சொல்லிப் பார்த்தேன். அவர் உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: "யாருக்கு ஊழியன்?" பிரதிப் பட்டியலும் கிடையாது. இது பலிக்காது என்று என் தொழில் மனம் சொன்னது. வெளியே வரும்போது திரு. கோனிக் என்னிடம் கைநீட்டினார். கைகொடுக்கத்தான் என்று நினைத்தேன். தேயிலை எங்கே என்று கேட்டார்.

ஞாயிறு நான் புறப்பட்டேன். சிறிய ரயிலில் ஏறியதும் எங்கே இறங்கவேண்டும் என்று நடத்துநரிடம் இரண்டு தடவை சொன்னேன். அது கடைசி நிலையம், எப்படியும் நிற்கும் என்றார்.

ஜனவரியில் லண்டனுக்கு ஒரு உறை வந்தது. நான் பெட்டிசம் அனுப்பிய ஜனாதிபதியிடமிருந்துதான், ஆனால் அவர் இப்போது ஜனாதிபதி இல்லை. மிக மரியாதையான ஆங்கிலத்தில், என் கடிதத்தை உரிய இடத்தின் கருத்துக்காக அனுப்பிவைத்திருப்பதாக எழுதியிருந்தார். உரிய இடம் எது என்று பார்த்தேன். திரு. கோனிக், கிராமசபை.

மார்ச்சில் யோகன் தொலைபேசி எடுத்தான். நாட்டை விட்டுப் போகும் தேதியைக் கன்டோன் ஏற்கெனவே தள்ளிப்போட்டிருந்தது.

"அண்ணை, கடிதம் வந்திட்டுது. இஞ்ச இருக்கப் பெமிற் தந்திருக்கினம். ஒரு வருசத்துக்கு. பிறகு புதுப்பிக்கலாமாம்."

என் வாயில் முதலில் வந்தது பழைய கச்சேரிக் கேள்விதான். "ஆரின்ர கையெழுத்து?"

"ஆரோ. வாசிக்க ஏலாமல் கிடக்கு." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது.

அன்று மாலையே நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தாளின் உச்சியில் 'பெறுநர்' என்று எழுதிவிட்டு நின்றேன். ஜனாதிபதிக்கா? அவர் வாசித்துக் கீழே அனுப்பினார். கன்டோனுக்கா? அது கீழேயிருந்து வந்ததைக் கேட்டது. கோனிக்குக்கா? அவர் தனக்கு அதிகாரம் இல்லை என்று மணியடித்தவர். கிராமக் கூட்டத்துக்கா? அது அந்த நேரம் முடிந்துபோயிருந்தது. வாசிக்க முடியாத அந்தக் கையெழுத்துக்கு எழுதலாம் என்றால் அதை எப்படித் தட்டச்சு செய்வது? தேத்தண்ணி ஆறிப்போயிற்று. கடைசியில், 'அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் கை உயர்த்திய நாற்பத்துமூன்று பேருக்கு' என்று எழுதினேன். நன்றி சொன்னேன், நட்பான வாழ்த்துகளுடன் முடித்தேன், கையெழுத்தும் போட்டேன்.

உறையை ஒட்டும்போதுதான் நினைவு வந்தது, அந்த நாற்பத்துமூன்றாவது ஆள் நான்.